விருந்தாளியாக வந்த கேக்



திருவருகைக் காலம் தொடங்கினால் நம் வீடுகளில் கேக் வாசனையும் தொடங்கிவிடுகிறது. ஓவன் இருக்கிறவர்கள் அதில் சுடுகிறார்கள். இல்லாதவர்கள் குக்கரில் உப்பைப் பரப்பி, விசிலைக் கழற்றிவிட்டு, அதிலேயே சுட்டு எடுக்கிறார்கள். செல்போனைப் பார்த்து ஜெர்மனி கேக், இங்கிலாந்து கேக் என்று செய்து பழகும் பிள்ளைகளும் உண்டு. நல்ல காரியம். அந்தக் கேக்குகள் வந்த வழியையும் இன்று தெரிந்துகொள்வோம்.

ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் கிறிஸ்துமசுக்குச் சுடுவது ஸ்டோலன். இன்று அதில் வெண்ணெயும் உலர்ந்த பழங்களும் நிறைந்திருக்கின்றன. ஆதியில் அது நோன்பு ரொட்டி. திருவருகைக் காலம் அன்று நோன்புக் காலம். வெண்ணெய், பால் ஆகாது. மாவு, தண்ணீர், எண்ணெய், அவ்வளவுதான். அங்கே நல்ல எண்ணெய்க்கும் தட்டுப்பாடு. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், சாக்சனி ஆட்சியாளர்கள் வேண்டிக்கொண்டதன் பேரில், திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் வெண்ணெய் சேர்க்க அனுமதி அளித்தார். வெள்ளைச் சர்க்கரை தூவிய அந்தக் கேக், துணியில் பொதிந்த குழந்தை இயேசுவைப் போல இருக்கிறது என்பார்கள். துணியை நம்பிப் பிழைக்கும் நமக்கு அந்த உவமை எளிதில் புரியும்.

இங்கிலாந்தின் பிளம் கேக் நம் பக்கம் வந்த கதை தலச்சேரியில் இருக்கிறது. பர்மாவில் பிஸ்கட் தொழில் கற்று வந்த மாம்பள்ளி பாபு, 1880இல் அங்கே ராயல் பிஸ்கட் பாக்டரியைத் தொடங்கினார். 1883 கிறிஸ்துமஸ் சமயத்தில், அஞ்சரக்கண்டித் தோட்ட முதலாளி மர்டாக் பிரவுன் ஒரு கேக்கைக் கொண்டுவந்து, இதுபோலச் செய்து தர முடியுமா என்று கேட்டாராம். மாஹேயிலிருந்து பிராந்தி வாங்கிச் சேர்க்கவும் சொன்னாராம். பாபுவோ உள்ளூர்ப் பழத்தில் வடித்த மதுவையே சேர்த்துச் சுட்டார். சாப்பிட்டுப் பார்த்த பிரவுன் இன்னும் ஒரு டஜன் கேட்டார் என்று சொல்கிறார்கள். பாபு இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நம் கிறிஸ்துமஸ் கேக் அவர் கையில் உருவானது என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

நம் தூத்துக்குடி மக்ரூனும் இப்படித்தான். ஐரோப்பாவில் அதைப் பாதாம் பருப்பில் செய்கிறார்கள். தூத்துக்குடியில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் முந்திரிப் பருப்பும் சேர்த்துச் செய்கிறார்கள். அந்த முந்திரியும் நம் ஊர் மரம் அல்ல. போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. வெளியூர் மரம் ஒன்று வேர்விட்டு, வெளியூர்ப் பலகாரம் ஒன்றை நம்முடையதாக்கிவிட்டது.

அன்பானவர்களே, பலகாரம் தானாக நடந்து வருவதில்லை. பிழைப்புக்காகவோ வியாபாரத்துக்காகவோ மனிதர்கள் ஊர் விட்டு ஊர் வருகிறார்கள். அவர்களோடு அதுவும் வருகிறது. ஆனால் அது தங்குவதற்கு இங்கே ஒருவர் அடுப்பு மூட்ட வேண்டும். சாரிபாத்துக் கைம்பெண்ணை நினைத்துப் பாருங்கள். பானையில் இருந்தது ஒரு கைப்பிடி மாவு. அந்நியராக வந்த எலியாவுக்கு அவர் முதலில் அப்பம் சுட்டுக் கொடுத்தார். பானையில் மாவு குறையவில்லை.

இன்று உடுமலை, அமராவதி நகர் தொடங்கித் திருப்பூர் வரை, மில்களிலும் பனியன் கம்பெனிகளிலும் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களிலும் கிறிஸ்தவர்கள் உண்டு. ஜார்க்கண்டில் கிறிஸ்துமசுக்கு அர்சா என்று ஒரு பலகாரம் சுடுவார்கள். ஊறவைத்த பச்சரிசியை இடித்து, வெல்லப்பாகில் பிசைந்து, எண்ணெயில் பொரித்து எடுப்பது. ஒடிசாவில் அதையே அரிசா பிட்டா என்பார்கள். கேட்டதும் கண்டுபிடித்திருப்பீர்கள்: அது நம் அதிரசம்தான்!

ஜெர்மனி கேக்கைச் சுடக் கற்றுக்கொண்ட நமக்கு, அடுத்த தெருவில் இருக்கும் அர்சாவின் ருசி தெரியாமல் இருக்கலாமா? ஊருக்குப் போக லீவு கிடைக்காத அந்தப் பிள்ளைகள் விடுதி அறையிலேயே திருநாளைக் கழிக்கிறார்கள். கேக் துண்டு ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பது நல்லதுதான். அதைவிட நல்லது, நள்ளிரவுத் திருப்பலியில் பக்கத்தில் நிற்கும் பிள்ளையிடம், "நாளைக்கு எங்க வீட்டுக்கு வாம்மா, உங்க ஊர்ப் பலகாரம் சேர்ந்து சுடலாம்" என்று சொல்வது. மொழி தெரியாவிட்டால் பரவாயில்லை. பாகு பதத்தைக் கை காட்டிக் கொடுக்கும்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிறைவதாக.