பணியாக அன்று, நட்பாக: ஓர் உருசிய மரபுத்தொடரின் கதை



உருசிய மொழியில் ஒருவரிடம் சிறு உதவி கேட்கும்பொழுது முன்னதாகச் சொல்லும் தொடர் ஒன்று உண்டு. “நெ வ் ஸ்லூஷ்பு, அ வ் த்ரூஷ்பு” என்பதே அது. ‘ஸ்லூஷ்பா’ என்றால் பணி, ஊழியம். ‘த்ரூஷ்பா’ என்றால் நட்பு. “பணியாக அன்று, நட்பாக” என்பது நேர்ப்பொருள். “இது உன் கடமையன்று, உனக்குக் கட்டளையிட எனக்கு உரிமையும் இல்லை, நம் நட்பை முன்னிட்டுச் செய்து கொடு” என்பது உட்கருத்து. இரு சொற்களும் ஒரே ஓசையில் முடிவதால், நம் இணைமொழிகளைப் போலவே நாவில் எளிதாகப் பதிந்துவிடுகிறது.

நட்புக்கு எதிரே பகையை நிறுத்துவதுதானே வழக்கம்? இங்கே பணி ஏன் வந்து நிற்கிறது? இதற்கு உருசிய வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும்.

பண்டைய மாஸ்கோ அரசில், மன்னருக்குப் படையூழியம் செய்வோர்க்கு அதற்கு ஈடாக நிலம் வழங்கப்பட்டது. ‘ஊழிய மாந்தர்’ என்றே அவர்களுக்குப் பெயர். பேரரசர் முதலாம் பீட்டர் இதனை மேலும் இறுக்கினார். 1722-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட தரவரிசைப் பட்டியல், படை, ஆட்சித்துறை, அரசவை ஆகிய மூன்றிலும் பதவிகளை 14 படிகளாகப் பிரித்தது. ஒருவரை எவ்வாறு விளிப்பது என்பதுகூட அவர் நின்ற படியைப் பொறுத்தே அமைந்தது. 1762-இல் மூன்றாம் பீட்டர் உயர்குடியினரைக் கட்டாய ஊழியத்திலிருந்து விடுவித்தார். ஆயினும் அந்தப் படிகள் 1917 வரையில் நீடித்தன. இத்தகைய நாட்டில், “நான் உன்னிடம் கேட்பது படியைக் கொண்டு அன்று” என்று தெளிவுபடுத்த ஒரு தொடர் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

1842-இல் வெளிவந்த கோகலின் ‘மேலங்கி’ கதையை இங்கு நினைத்துப் பார்க்கலாம். அக்காக்கி அக்காக்கியெவிச் ஒன்பதாம் படியில் உள்ள ஏழை எழுத்தர். திருடுபோன மேலங்கியை மீட்டுத் தரக் கோரி ஒரு பெரிய அதிகாரியிடம் செல்கிறார். அதிகாரியோ இளமைக்கால நண்பரோடு உரையாடிக்கொண்டிருக்கிறார். அந்த நண்பரின் முன் தம் செல்வாக்கைக் காட்டவே எழுத்தரை நெடுநேரம் காக்க வைக்கிறார். பின்னர், மனு முறைப்படி ஒவ்வொரு மேசையாகத் தம்மிடம் வந்திருக்க வேண்டாவா என்று சீறுகிறார். நட்பு உள்ளறையில் அமர்ந்திருக்க, பணி வெளியறையில் கைகட்டி நிற்கும் காட்சி அது.

இத்தொடரை நண்பர்கள் மட்டும் பயன்படுத்துவதில்லை. மேலதிகாரி தம் கீழ்ப் பணிபுரிபவரிடம், பணியில் சேராத ஒன்றைக் கேட்கும்போதும் இதனையே சொல்கிறார். சொல் நட்பாக இருக்கிறது; மறுக்கத்தான் முடிவதில்லை! (பள்ளிகளில் பணியாற்றுவோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை என எண்ணுகிறேன்.) இதனால்தானோ என்னவோ, “நட்பு நட்பாக, பணி பணியாக” என்று எதிர்த்திசையில் செல்லும் பழமொழியும் அம்மொழியில் வழங்குகிறது.

சோவியத்து ஆட்சியில் இந்த எல்லை மேலும் குழம்பியது. 1929 முதல் 1935 வரை ரொட்டிக்குப் பங்கீட்டு அட்டை இருந்தது. அதன் பின்னரும் பற்றாக்குறை ஓயவில்லை. கையில் பணம் இருந்தாலும் கடையில் பொருள் இருக்காது. ஆகவே கடை ஊழியர், மருத்துவர், அலுவலக எழுத்தர் என யாரையேனும் தெரிந்திருக்க வேண்டும். இவ்வாறு தெரிந்தவர் வழியாகக் காரியம் முடிப்பதற்குப் ‘பிளாத்’ என்று பெயர். மக்கள் ஒரு பொருளை ‘வாங்கினேன்’ என்று சொல்வதைவிட, எப்படியோ ‘பெற்றுவிட்டேன்’ என்று சொல்வதே இயல்பாயிற்று. அன்றைய அமைச்சரவைக்கு மக்கள் ஆணையர் மன்றம் என்று பெயர். “மக்கள் ஆணையர் மன்றத்தைவிடப் பிளாத் பெரிது” என்று மக்கள் கேலி பேசினர்.

இதனைக் கையூட்டு என்று ஒதுக்கிவிட இயலாது. பணம் கைமாறுவதில்லை, உடனே கைம்மாறும் எதிர்பார்க்கப்படுவதில்லை. ஆனால் கொடுக்கப்பட்ட பொருள் கொடுத்தவருடையதன்று, அரசுடையது. வரிசையில் நின்ற வேறொருவருக்குச் சேர வேண்டியது. ஆய்வாளர் அலியோனா லெதெனேவா இது குறித்து 1998-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூல் காட்டும் ஓர் உண்மை என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தாம் செய்ததை மக்கள் ‘நண்பருக்கு உதவினேன்’ என்றே கூறினர். அதே செயலைப் பிறர் செய்தால் மட்டும் அதற்குப் பிளாத் என்று பெயரிட்டனர். பொய் சொல்ல வேண்டும் என்னும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் உணர்ந்தனர்.

1992 சனவரியில் பெரும்பாலான விலைகள் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. பின்னர்க் கடைகளில் பொருள் நிறைந்தது. இறைச்சிக்கும் காலணிக்கும் தெரிந்தவரைத் தேடும் நிலை மறைந்தது. நல்ல மருத்துவரிடமும் நல்ல வேலையிலும் இடம் தேடுவோரிடையே பிளாத் என்னும் சொல் இன்னும் வழங்குகிறது. நம் மரபுத்தொடரோ, சன்னலைச் சாத்தவும் ஒரு குவளைத் தேநீர் கொண்டுவரவும் கேட்போரின் வாயில் இன்றும் உயிரோடிருக்கிறது.