மேற்கோளும் மேன்மையும்

ஒருவர் இயற்றியதைப் பிற்காலத்தார் தம் நூலுள் எடுத்தாளுதல் மேற்கோள் எனப்படும். உரையாசிரியரும் தொகை நூலாரும் எடுத்துக் காட்டினமையானன்றோ மறைந்துபோன வளையாபதியின் செய்யுட்கள் சிலவேனும் நமக்குக் கிடைத்தன? இவ்வழக்கம் மேனாட்டு விஞ்ஞானிகளிடத்தும் உண்டு. தம் கட்டுரைக்கு ஆதாரமாயிருந்த முந்திய கட்டுரைகளை இறுதியிற் குறித்தல் அவர்தம் மரபு.

1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் யூஜீன் கார்பீல்டு என்பார், எக்கட்டுரை எத்துணை முறை எடுத்தாளப்பட்டது எனக் காட்டும் பேரட்டவணை ஒன்றை வெளியிட்டார். நூல் தேடுவார்க்கு உதவியாய் எழுந்த அக்கருவி நாளடைவில் அறிஞரையே அளக்கும் முழக்கோலாயிற்று. 2005-இல் ஹிர்ஷ் என்னும் பௌதிகப் பேராசிரியர் மற்றோர் அளவை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் இருபது, ஒவ்வொன்றும் இருபது முறையேனும் எடுத்தாளப்பட்டு, இருபத்தொன்றுக்கு அவ்வாறு அமையாதாயின், அவர் எண் 20 ஆம். இந்நாளில் உத்தியோகமும் பொருளுதவியும் பலவிடத்து இவ்வெண்களை நோக்கியே வழங்கப்படுகின்றன. ஆதலின் இம்முழக்கோல் நேரியதுதானா என்பதை ஒரு பெரியார் சரித்திரங் கொண்டு ஆராய்வாம்.

சுப்பிரமணியம் சந்திரசேகரர் 1910-இல் லாகூரில் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்து, சென்னைப் பிரஸிடென்ஸி கலாசாலையிற் பயின்றவர், சர் சி. வி. ராமனவர்களின் தமையனார் புதல்வர். 1930-இல், பத்தொன்பது பிராயத்தில், இங்கிலாந்து செல்லுங் கப்பலிலேயே ஒரு கணக்கிட்டார். எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய வெண்குறுமீன் எத்துணைப் பொருளையும் தாங்கி நிற்கவல்லதன்று. அதன் பொருளுக்கு ஓர் எல்லை உண்டு என்பது அதனாற் பெறப்பட்டது; அவ்வெல்லை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பது இந்நாட் கொள்கை. அக்கருத்து 1931-இல் இரண்டே பக்கங்களில் அச்சாயிற்று.

1935 ஜனவரி 11-ஆம் நாள் இலண்டன் வானநூற் சங்கத்தில் அவர் அதனை விரித்துரைத்தபோது, அக்காலத்துப் பேரறிஞராகிய எட்டிங்டன் எழுந்து அவையோர் நகைக்குமாறு மறுத்தார். போர், பௌலி முதலிய பௌதிக அறிஞர் சந்திரசேகரர் பக்கமே நியாயம் உளதெனக் கருதினராயினும் வெளிப்பட உரைத்திலர். மனத்துள் உடன்படுவார் உடன்பாடு எவ்வட்டவணையிலும் ஏறுவதன்று!

அவர் மனந்தளர்ந்து வாளா இருந்தாரல்லர். 1937-இல் அமெரிக்கா சென்று, சிகாகோ சர்வகலாசாலையைச் சார்ந்த யெர்க்ஸ் வானிலையத்தில் அமர்ந்தார். ஒரு துறையிற் புகுதல், ஆண்டுகள் பல உழைத்துக் கட்டுரைகள் வரைதல், அனைத்தையும் ஒழுங்குபடுத்திப் பெருநூலாக்குதல், பின் அத்துறையை விடுத்து வேறொன்றிற் புகுதல் — இதுவே அவர் வாழ்நாள் ஒழுக்கமாயிற்று. விண்மீன்களின் அமைப்பைப் பற்றி 1939-லும், அவற்றின் இயக்கத்தைப் பற்றி 1942-லும், ஒளி பொருளூடு செல்லும் முறையைப் பற்றி 1950-லும், பாய்பொருள்களின் நிலைபேற்றைப் பற்றி 1961-லும், கருந்துளைகளைப் பற்றி 1983-லும் அவருடைய நூல்கள் வெளிவந்தன.

இவற்றின் பயன் வானநூலோடு நின்றுவிடவில்லை. 1950-ஆம் ஆண்டு நூல் வளிமண்டல ஆராய்ச்சியாளர்க்கும், 1961-ஆம் ஆண்டு நூல் பூமியின் உள்ளியல்பு ஆராய்வார்க்கும் பொறியியலார்க்கும் கைந்நூல்களாயின. நீரில் மிதக்கும் நுண்துகளின் அலைவு முதல் விண்மீன்களின் சலனம் வரை ஒரே கணிதத்தால் விளக்கி 1943-இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையோ, விண்மீனைக் கருதாத இரசாயனரும் பிறரும் உட்படப் பல்லோரால் ஆயிரக்கணக்கான முறை எடுத்தாளப்பட்டுள்ளது.

இனி, அளவுகோலை நோக்குவாம். ஒரு கட்டுரை ஆயிரக்கணக்கில் எடுத்தாளப்படினும், ஹிர்ஷ் எண்ணில் அஃது ஒன்றாகவே கொள்ளப்படும். கணித நூலார் சிலவே மேற்கோள் காட்டுவர். மருத்துவ நூலார் மிகப் பல காட்டுவர். இருவரையும் ஒரே தராசில் நிறுத்தல் நெல்லையும் பஞ்சையும் மரக்காலால் அளந்து விலை மதிப்பதாம். இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. 1931-ஆம் ஆண்டுக் கருத்து தொடக்கத்தில் நம்பப்படாமையின் பெருக எடுத்தாளப்படவில்லை. இன்றோ ‘சந்திரசேகர் எல்லை’ என்னும் பெயரே போதியதாதலின், அவ்விரண்டு பக்கங்களைக் குறிக்காமலே அதனை ஆள்வார் பலர். ஒரு கருத்தின் இளமையும் முழுமையும் ஆகிய இருபருவத்தையும் எண் காணமாட்டாது, இடைப்பருவத்தையே காணும்.

1983-இல், தம் எழுபத்து மூன்றாம் பிராயத்தில், அவர் வில்லியம் பவுலருடன் நோபெல் பரிசு பெற்றார், 1995-இல் காலமானார். 1935-இன் இறுதியில் அவரை எண் கொண்டு எடைபோட்டிருந்தால் உலகம் எத்துணை இழந்திருக்கும் என்பதை அன்பர்கள் சிந்திப்பார்களாக. நம் வீட்டுப் பிள்ளைகளுள்ளும் இன்று ஆராய்ச்சித் துறையிற் புகுவார் உளர். எத்துணை பேர் வாசித்தனர் என்பதை எண் சொல்லும். உண்மையா என்பதைச் சொல்லாது. அப்பிள்ளைகளின் எண் சிறிதாயிருத்தல் கண்டு பெற்றோர் அவசரப்பட்டு இகழாதிருப்பார்களாக.