நுரையீரலும் உழைப்பும்: ஓர் உறுப்பின் தொழில்கள் அறியப்பட்ட வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

உடலுறுப்பொன்றின் பெயரே சில வேளைகளில் அதுபற்றிய சிந்தனைக்கு எல்லையிட்டு விடுகின்றது. ஈழத்துப் பாடநூல்களில் வழங்கும் 'சுவாசப்பை' என்னுஞ் சொல் அத்தகையது. காற்றை உள்வாங்கி வெளிவிடும் பை என்பதற்கு மேல் அது எதனையும் உணர்த்துவதில்லை. பழைய வழக்கான 'நுரையீரல்' என்பதோ தொழிலைக் கூறாது தோற்றத்தையே கூறுகின்றது. இருபதாம் நூற்றாண்டில் இவ்வுறுப்புப் பற்றிய அறிவு புதுத்திசையிற் சென்றபோது, அந்நுரையே ஆய்வுப் பொருளாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. சுவாசத்துக்கு அப்பாற்பட்ட தொழில்கள் ஏன் இத்துணைக் காலந்தாழ்த்தி அறியப்பட்டன, அவ்வறிவு யாருக்குப் பயன்பட்டது என்பனவே இங்கு நாம் எழுப்பும் வினாக்கள்.

இதயத்தின் வெப்பத்தைத் தணிப்பது நுரையீரலின் பணி எனப் பண்டைய கிரேக்க மருத்துவ மரபு கருதியது. குருதி இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகின்றது என்பதை 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-நபீஸ் எழுதிவைத்தார். 1628இல் ஹாவி குருதிச் சுற்றோட்டத்தை நிறுவினார். 1661இல் மல்பீகி தவளையின் நுரையீரலில் மயிர்த்துளைக் குழாய்களைக் கண்டார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லவோசியே சுவாசத்தை ஒருவகை எரிதலாக விளக்கினார். பொறித்தொழில் வளர்ந்துகொண்டிருந்த சமுதாயத்தில் இதயம் பம்பியாகவும் நுரையீரல் துருத்தியாகவும் தோன்றியமை வியப்பன்று. உற்பத்தி முறையிலிருந்து உடலியற் கொள்கை நேராகப் பிறந்தது என்பது எமது வாதமன்று. ஓர் உறுப்புக்கு ஒரு தொழில் என்னும் நோக்கு, தொழிற்பிரிவினை ஆழமாக வேரூன்றிய காலத்தில் ஐயுறப்படாது நிலைத்தது என்பதையே நாம் சுட்ட விரும்புகின்றோம்.

1929இல் சுவிற்சர்லாந்தில் வொன் நேர்காட் என்பார், நுரையீரலைக் காற்றினால் விரிப்பதிலும் திரவத்தினால் விரிப்பது எளிது என்று காட்டினார். சிற்றறைகளின் மேற்பரப்பிழுவையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்பது அவர் முடிபு. கால் நூற்றாண்டாக அதனைக் கவனிப்பாரில்லை. 1955இல் பற்றில் என்னும் ஆங்கில விஞ்ஞானி, நுரையீரலிலிருந்து பெற்ற நுரையின் குமிழ்கள் வழமைக்கு மாறாக நெடுநேரம் உடையாதிருப்பதைக் கண்டு, இழுவையைக் குறைக்கும் பொருளொன்று அங்குண்டு என உணர்ந்தார். 1957இல் அமெரிக்காவில் கிளெமென்ற்ஸ் அதனை அளவீட்டினால் உறுதிப்படுத்தினார். இவ்விருவரும் நச்சுவாயுப் போர் தொடர்பான இராணுவ ஆய்வுநிலையங்களிற் பணியாற்றியவர்கள். 1959இல் பொஸ்ரனில் ஏவறியும் மீட்டும், குறைமாதத்திற் பிறந்து மூச்சுத் திணறி இறந்த சிசுக்களின் நுரையீரலில் அப்பொருள் போதாதிருந்ததை நிறுவினர். 1963இல் அமெரிக்கச் சனாதிபதி கென்னடியின் மகன் பிறந்து இரண்டு நாட்களில் இந்நோயினாலேயே இறந்தான். 1980இல் ஜப்பானியரான புஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு பத்துச் சிசுக்களுக்குச் சிகிச்சையளித்த செய்தி வெளியாயிற்று. கொல்லும் வாயுவை ஆராய்வதற்குக் கிடைத்த வசதியே சிசுவைக் காக்கும் அறிவுக்கு வழியமைத்தது. அறிவின் வளர்ச்சியில் உள்ளார்ந்திருக்கும் முரண்பாட்டுக்கு இது தக்க சான்றாகும்.

இதனினும் விரிவானது இரசாயனத் தொழில்களின் வரலாறு. உடலின் குருதி முழுவதும் நுரையீரலினூடாகச் செல்கின்றது. ஆகையால், குருதியின் சேர்க்கையைத் திருத்துவதற்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை. குருதியமுக்கத்தை உயர்த்தும் அஞ்சியோரென்சின், செயலற்ற நிலையிலிருந்து செயலுறு நிலைக்குக் குருதியிலேயே மாறுகின்றது எனக் கருதப்பட்டு வந்தது. 1967இல் இலண்டனில் எங், வேன் ஆகியோர், அம்மாற்றம் பெரிதும் நுரையீரலிலேயே நிகழ்கின்றது எனக் காட்டினர். குருதிக்குழாய்களை விரிக்கும் பிறடிகைனினையும் நுரையீரல் பெருமளவிற் சிதைத்துவிடுகின்றது. அதிரினலினையோ தடையின்றிச் செல்லவிடுகின்றது. எதனை விடுவது, எதனை மாற்றுவது, எதனை அழிப்பது எனத் தெரிந்தெடுக்கும் உறுப்பினைத் துருத்தி எனல் பொருந்துமா?

பிறடிகைனினை 1948இல் கண்டறிந்தோர் பிறேசில் நாட்டினரான றொச்சா எ சில்வாவும் அவர்தம் துணைவருமாவர். ஜரராக்கா என்னும் பிறேசிற் பாம்பின் நஞ்சே அவர்களுக்கு வழிகாட்டிற்று. அவருடைய மாணவர் செர்ஜியோ பெரெய்ரா, அந்நஞ்சிலேயே பிறடிகைனினின் விளைவை மிகைப்படுத்தும் கூறொன்று உண்டென 1965இல் வெளியிட்டார். பின்னர் அதனை வேனின் ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றார். அஞ்சியோரென்சினை மாற்றும் நொதியத்தை அது தடுத்தது. அவ்வழியைப் பின்பற்றி ஸ்குயிப் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் குஷ்மனும் ஒண்டெற்றியும் கப்ரோபிறிலை ஆக்கினர். 1981இல் அது உயர் குருதியமுக்கத்துக்குரிய மருந்தாக அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. அவ்விருவரின் திறமையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று. எனினும், காட்டிலுள்ள பாம்பும் முதலாய்வும் ஒரு நாட்டினுடையனவாக, காப்புரிமை பிறிதொரு நாட்டு நிறுவனத்தினுடையதாயிற்று. மூலப்பொருளை ஏற்றுமதி செய்து முடிவுப்பொருளை இறக்குமதி செய்யும் நாடுகளின் பொதுவிதி அறிவுத்துறையிலும் செயற்படுவதை இங்கு நாம் காண்கின்றோம்.

நுரையீரலின் பிறிதொரு தொழில் காவலாகும். மூச்சுக்குழாயின் சளிப்படலமும் பிசிர்களும் தூசியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. சிற்றறை வரை சென்றதைத் தின்கலங்கள் விழுங்குகின்றன. படிகக்கல்லின் நுண்தூசியை விழுங்கிய கலமோ தானே அழிகின்றது. அழிந்த கலம் வெளிவிட்ட தூசியை வேறொன்று விழுங்குகின்றது. இச்சுழற்சியில் நுரையீரல் தழும்பேறி இறுகுவதே சிலிக்கோசிஸ். காவற்றொழிலே இங்கு நோய்க்குக் காரணமாகின்றது. ஆனால், கலத்தின் குறைபாட்டோடு விளக்கம் முடிந்துவிடுவதில்லை. ஷெபீல்ட் நகரில் கத்தி தீட்டுவோரின் நெஞ்சுநோயை 1845இல் ஏங்கல்ஸ் விவரித்தார். மட்பாண்டத் தொழிலாளரின் நிலையை 1867இல் மார்க்ஸ் 'மூலதன'த்திற் பதிவுசெய்தார். 1930இல் மேற்கு வேர்ஜீனியாவில் ஹோக்ஸ் நெஸ்ற் சுரங்கவழி தோண்டப்படலாயிற்று. அங்கு நீர் தெளிக்காது உலர்நிலையிற் பாறை துளைக்கப்பட்டது. இறந்தோர் தொகை 476 என 1936இல் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை கூறிற்று. பிற்கால ஆய்வொன்று 764 என மதிப்பிட்டது. தொழிலாளரிற் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். தூசியின் தீமை அன்று அறியப்படாததன்று. அதே 1930இல் சிலிக்கோசிஸ் பற்றிய சர்வதேச மாநாடு ஜொகனஸ்பேர்க்கில் நடந்திருந்தது. அறியாமையன்று, அவசரமும் இலாபமுமே அங்கு கொன்றன. கருங்கல் உடைக்கும் நம்மவர் உள்வாங்குவதும் இத்தகைய தூசியே.

ஆய்வு இன்னும் முற்றுப்பெறவில்லை. குருதிச் சிறுதட்டுக்களில் ஏறத்தாழப் பாதி நுரையீரலிலேயே உருவாகின்றன என எலிகளிற் செய்த ஆய்வு 2017இல் வெளிப்படுத்தியது. 2020இல் கொவிட் நோயாளரின் நுரையீரற் குழாய்களிற் குருதி உறைந்தபோது, அது வெறும் காற்றுப்பையன்று என்பதை உலகமே கண்டது.

இதுவரை கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். உறுப்பின் தொழில் இயற்கையில் எழுதிவைக்கப்பட்ட ஒற்றைச் சொல்லன்று. சமுதாயம் கேட்ட வினாக்களுக்கேற்ப அது படிப்படியாக வெளிப்படுகின்றது. போருக்காகக் கேட்கப்பட்ட வினாவுக்கும் சந்தைக்காகக் கேட்கப்பட்ட வினாவுக்கும் விடை கிடைத்தது. தொழிலாளியின் இருமல் எழுப்பிய வினாவுக்கும் விடை கிடைத்தது. ஆனால் அது செயலாவதற்கு நெடுங்காலமாயிற்று. அவ்விடைவெளியைக் குறைப்பது மருத்துவத்தின் பணி மட்டுமன்று.