மறுமொழி பெறாத மடல்

பண்டைக் காலத்துக் காதலர் தமக்குள் எழுதிக்கொண்ட அந்தரங்க மடல்கள் நம் நாட்டில் எஞ்சியிருப்பது அரிது. ஓலை செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகிவிடும், கல்லே நிலைக்கும். சத்தீசுகரின் இராம்கர் மலையில் உள்ள சோகிமாரா குகையில், ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டுப் பிராமி எழுத்தில், சுதனுகா என்னும் தேவதாசியைத் தேவதின்னன் காதலித்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அவள் சொன்ன மறுமொழி அங்கே இல்லை.

தமிழில் அத்தகைய மடல்களைக் காண நாம் சிலப்பதிகாரத்தையே நாட வேண்டும். அது காப்பியம், ஆவணம் அன்று. ஆயினும் மடல் எழுதி, சுருட்டி, மண்ணிலச்சினை இட்டு, ஆள்வழி விடுக்கும் வழக்கத்தை இளங்கோவடிகள் நேரில் கண்டவர்போல் விவரிக்கிறார்.

மாதவி கோவலனுக்கு விடுத்த மடல்கள் இரண்டு. முதலாவதைத் தாழம்பூவின் வெண்மடலில், பித்திகை அரும்பைச் செம்பஞ்சுக் குழம்பில் தோய்த்து எழுதினாள். இளவேனிலையும் திங்களையும் குறைகூறும் அழகிய மடல் அது. வசந்தமாலை அதைக் கொண்டுபோய் நீட்டியபோது, ஆடல்மகளின் நடிப்பே இதுவும் என்று கோவலன் வாங்க மறுத்தான். அவனுடைய ஐயத்துக்கு அம்மடலின் ஒப்பனையும் சிறிது இடம் கொடுத்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இரண்டாம் மடலில் பூவும் இல்லை, புனைவும் இல்லை. கோவலன் கண்ணகியோடு விடியுமுன் புகாரை விட்டு அகன்றதறிந்து நோயுற்றுக் கிடந்த மாதவி, அதைக் கோசிகன் என்னும் அந்தணனிடம் கொடுத்தனுப்பினாள். மதுரைக்குச் செல்லும் வழியில் அது கோவலன் கைக்கு எட்டியது. இலச்சினையில் பதிந்திருந்த அவள் கூந்தலின் மணம் பழைய நாள்களை நினைவூட்ட, சற்று நேரம் அவன் அதைப் பிரிக்காமலே வைத்திருந்தான். பெற்றோர்க்குச் செய்யும் பணியையும் விடுத்து, குலமகளோடு இரவில் ஊரைவிட்டு நீங்கும் அளவுக்குத் தான் செய்த பிழை யாதென அறியாமல் தவிப்பதாகவும், அத்தவிப்பைப் போக்கியருள வேண்டுமென்றும் அவள் எழுதியிருந்தாள். அவன்மேல் குற்றச்சாட்டு ஒன்றேனும் இல்லை. பிழை அவளுடையது அன்று, தன்னுடையதே எனக் கோவலன் உணர்ந்தான்.

அடுத்து அவன் செய்ததுதான் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. அச்சொற்கள் தன் பெற்றோரிடம் தான் கேட்கவேண்டிய மன்னிப்புக்கும் பொருந்தக் கண்டு, அதே மடலை அவர்களிடம் காட்டுமாறு கோசிகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். ஒருவர்க்கு எழுதியது பிறர்க்கும் பயன்படலாம்; புனித பவுல் பிலமோனுக்கு எழுதிய சிறு மடலை இன்று திருச்சபை முழுவதும் வாசிக்கவில்லையா? ஆனால் அதை முதலில் பெற்றவர் பிலமோன். கோவலனின் தன்னுணர்வோ அவன் நெஞ்சைத் தாண்டவில்லை. அதைக் கேட்க உரிமையுடையவள் மாதவி ஒருத்தியே.

ஓசூர்த் தொழிற்பேட்டைகளை நம்பி வாழும் இல்லங்களில், கணவர் இரவு ஷிப்டு முடித்துத் திரும்பும் வேளையில் மனைவி வேலைக்குப் புறப்படுவார். பிணக்குத் தீர்க்கச் செல்லும்போது, “தப்பு என்னுதுதான் சாமி” என்று என்னிடம் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். “அவங்ககிட்ட சொன்னீங்களா?” என்றால் தலை கவிழ்கிறது.

மடல் மாசாத்துவானை நோக்கிப் புகாருக்குப் போயிற்று. மாதவிக்கு வந்து சேர்ந்ததோ, கோவலன் மதுரையில் கொலையுண்ட செய்தி. அதன்பின் அவள் பௌத்த அறம் ஏற்றுத் துறவு பூண்டாள்.