ஆயில் மாற்றும் கூலி: ஒரு சின்ன வரலாறு



நம் பழைய மாணவர்கள் சிலர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், வண்டிக்கு ஆயில் மாற்ற ஷோரூம் போனால் ஆயிரத்துக்கு மேல் பில் வருகிறது. வீடியோ பார்த்து வீட்டிலேயே மாற்றிக்கொண்டால் என்ன? எவ்வளவு மிச்சமாகும்?" சமூக அறிவியல் நடத்தியவனிடம் இதைக் கேட்டால் பதில் வரலாற்றிலிருந்துதான் தொடங்கும். பொறுமையாகப் படியுங்கள். கணக்கும் பின்னால் வருகிறது.

சக்கரம் சுழன்றால் அச்சு தேயும். தேயாமலிருக்க எண்ணெய் வேண்டும். நம் ஊர்க் கட்டை வண்டிக்கு 'வண்டி மை' போடுவார்கள். வைக்கோலைக் கரியாக்கி விளக்கெண்ணெயில் குழைத்தால் மை தயார். அதை ஒரு மூங்கில் குழாயில் நிரப்பி வண்டிக்கு அடியிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். அச்சு கிறீச்சிட்டால் வண்டிக்காரரே இறங்கி, கடையாணியைக் கழற்றி, மை தடவிவிட்டுப் போவார். இதற்கென்று தனி ஆளும் கிடையாது, கூலியும் கிடையாது. புறநானூற்றில் ஔவையார் பொகுட்டெழினியைப் பாடிய 102ஆம் பாட்டில், உப்பு வணிகர்கள் வண்டிக்கடியில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட செய்தி வருகிறது. வழியில் எது கெட்டாலும் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம்.

அதே விளக்கெண்ணெய் மோட்டார் வண்டிக்கும் போயிற்று என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டு 1899இல் தொடங்கிய நிறுவனம், 1909இல் ஆமணக்கு எண்ணெய் கலந்த ஓர் இன்ஜின் ஆயிலைக் கொண்டுவந்தது. ஆமணக்கு எண்ணெய்க்கு ஆங்கிலத்தில் காஸ்டர் ஆயில் என்று பெயர். அதிலிருந்து பிறந்ததுதான் 'காஸ்ட்ரால்' என்ற பெயர். 1911இல் அமெரிக்காவின் மோட்டார் பொறியாளர் சங்கம் எண்ணெயின் கெட்டித்தன்மைக்கு எண் கொடுக்கும் முறையை வகுத்தது. இன்று டப்பாவில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்றிருக்கும் எண்களுக்கு அதுதான் மூலம். 'டபிள்யூ' என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து.

நம் தமிழ்நாட்டில் மோட்டார் வண்டியின் முதல் தலைமுறையில் எண்ணெய் மாற்றுவது முதலாளியின் பட்டறை வேலையாக இருந்தது. 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனம் பேருந்து ஓட்டி வளர்ந்தது. அன்று பேருந்து நடத்துபவர் ஓட்டுநர், மெக்கானிக், பட்டறை எல்லாவற்றையும் கையில் வைத்திருந்தால்தான் வண்டி ஓடும். சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் வெகு சிலர். அவர்கள் வீட்டில் டிரைவரே பாதி மெக்கானிக்.

பிறகு இரு சக்கர வண்டி வந்தது. 1955இல் சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி புல்லட் வண்டியைக் கொடுத்தது. 1969இல் மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் ஆலை இயங்கத் தொடங்கியது. இன்ஜின் ஆயில் தயாரிக்க வேண்டிய அடிப்படை எண்ணெயும் அங்கே எடுக்கப்பட்டது. 1972இல் இந்தியன் ஆயிலின் 'சர்வோ' சந்தைக்கு வந்தது. ஆனாலும் ஆயில் மாற்றுவது என்பது அன்று சாதாரணக் குடும்பத்தின் செலவுக் கணக்கில் இல்லை. அந்தக் குடும்பத்திடம் இருந்தது சைக்கிள். அதற்கு நாலு சொட்டு மெஷின் ஆயில் போதும்.

நம் காஞ்சிபுரத்தை மாற்றியது 1980இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50. இரண்டு பேர் உட்காரும்படி இந்தியாவில் வந்த முதல் மொபெட் அதுதான். பட்டு நூல் வாங்கி வரவும், நெய்த சேலையைச் சங்கத்துக்கோ முதலாளி கடைக்கோ கொண்டுபோகவும் நெசவாளிக்கு அந்த வண்டி கை கொடுத்தது. அது டூ-ஸ்ட்ரோக் வண்டி. எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து ஊற்ற வேண்டும். பெட்ரோல் பங்கில் லிட்டருக்கு இருபது முதல் நாற்பது மில்லி வரை அளந்து விடுவார்கள். எண்ணெய் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். வடித்து எடுக்கப் பழைய எண்ணெய் என்று இன்ஜினில் எதுவும் நிற்காது. ஆயில் மாற்றும் வேலை இல்லை, அதற்குக் கூலியும் இல்லை.

மலிவாகத் தெரிந்தது. ஆனால் அந்தச் செலவு நீலப் புகையாக வெளியே போனது. சைலன்சரில் கரி அடைத்துக்கொண்டால் கழற்றித் தீயில் காட்டிக் கரி தட்டுவார்கள். தெருவில் போகிறவர்கள் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். தில்லியில் 1998 இறுதியோடு டூ-டி ஆயிலைச் சில்லறையாக அளந்து விற்பதற்குத் தடை வந்ததும், 2000 முதல் புகை விதிகள் நாடெங்கும் இறுகியதும் இந்தக் காரணத்தால்தான்.

இதற்கிடையில் 1985இல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100 வந்தது. நூறு சி.சி. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் எண்ணெய் தனியாக இன்ஜினுக்குள் நிற்கும். உராய்வைத் தடுக்கும், சூட்டைத் தணிக்கும், கரியையும் உலோகத் துகளையும் தன்னோடு சுமக்கும். சுமந்து சுமந்து கறுத்துப்போனதும் வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். 2001இல் டி.வி.எஸ். விக்டர் வந்தது. 2015இல் நம் மொபெட்டே ஃபோர்-ஸ்ட்ரோக்காகி எக்ஸ்.எல். 100 ஆனது. 'ஆயில் சேஞ்ச்' என்ற செலவு எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

செலவு வந்ததும் தெருமுனை மெக்கானிக் ஷெட் பெருகியது. கூலி வெகு குறைவு. அந்தக் குறைந்த கூலிக்கு என்ன காரணம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. வாத்தியாராக இருந்த எங்களுக்குத் தெரியும். டிரெயின் நட்டைக் கழற்றி, சுடு எண்ணெயைத் தட்டில் பிடித்து, மண்ணெண்ணெயில் சாமான் கழுவியது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்கள். காலையில் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டால் பதில் வராது. சாயங்காலம் அதே பையன் ஷெட் வாசலில் கறுத்த கையோடு நிற்பான். தறிக்குழியில் உட்கார்ந்த பிள்ளைகளைப் பற்றி உலகமே பேசியது. ஷெட்டில் நின்ற பிள்ளைகளைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. பின்னர் அதன் தடைப் பட்டியலில் வண்டிப் பட்டறைகளும் சேர்க்கப்பட்டன. 2010 ஏப்ரல் முதல் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகள் தவிர, பதினான்கு வயதுக்குக் கீழ் யாரையும் எந்த வேலையிலும் வைக்கக் கூடாது. இன்று ஷெட்டில் ஐ.டி.ஐ. படித்த பையனோ வளர்ந்த ஆளோ நிற்கிறார். கூலி கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றால் அது ஏற வேண்டிய கூலிதான்.

இனி நீங்கள் கேட்ட கணக்கு. நூறு சி.சி. வண்டிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் எண்ணெய் பிடிக்கும். நல்ல எண்ணெய் இன்று சுமார் 350 முதல் 450 ரூபாய். பெட்ரோல் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, ஆனால் இன்ஜின் ஆயில் 18 சதவீத வரியோடுதான் வருகிறது. நீங்கள் ஊற்றினாலும் ஷோரூமில் ஊற்றினாலும் எண்ணெய்ச் செலவு ஒன்றுதான். புது வண்டிக்கு 'ஃப்ரீ சர்வீஸ்' என்றாலும் கூலிதான் இலவசம், எண்ணெய்க்குக் காசு உண்டு. ஷோரூம் பில் ஆயிரத்தைத் தாண்டுவது தண்ணீர் சர்வீஸ், செயின், பிரேக், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்ந்து. அதை ஆயில் மாற்றும் செலவோடு மட்டும் ஒப்பிடுவது சரியாகாது.

தெரு மெக்கானிக் ஆயில் மட்டும் மாற்றிக் கொடுக்க ஐம்பது முதல் நூறு ரூபாய் கேட்பார். வருடத்துக்கு மூன்று, நான்கு முறை மாற்றினால் நீங்களே செய்வதில் மிச்சம் அதிகபட்சம் நானூறு ரூபாய். ஸ்பேனர், புனல், தட்டு வாங்கினால் முதல் வருட மிச்சம் அதிலேயே போய்விடும்.

தவறினால் வரும் செலவையும் பாருங்கள். டிரெயின் நட் போகும் இடம் அலுமினியம். பலம் போட்டு முடுக்கினால் மரை போய்விடும். அதைச் சரிசெய்யும் செலவு பல வருடக் கூலியை விழுங்கிவிடும். இன்னொன்று, பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகளும் இன்ஜின் எண்ணெயிலேயே ஊறிக் கிடக்கும். கார் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதென்று ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். இதற்காகவே 1998இல் ஜப்பானில் பைக் எண்ணெய்க்குத் தனித் தரம் வகுத்தார்கள். டப்பாவில் 'ஜாஸோ எம்.ஏ.' என்று இருக்கிறதா என்று பாருங்கள். வாரண்டி இருக்கும்வரை அட்டவணைப்படி சர்வீஸ் செய்து பில்லைப் பத்திரமாக வைப்பதே லாபம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. வடித்த கறுப்பு எண்ணெயை எங்கே ஊற்றுவீர்கள்?

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் "அங்கிள், நாங்கள் கராஜில் நாங்களே மாற்றுகிறோம்" என்கிறார்கள். உண்மைதான். அங்கே ஒரு மணி நேரக் கூலி அதிகம், அதனால் மிச்சமும் அதிகம். அதோடு பழைய எண்ணெயை ஒரு கேனில் கொண்டுபோனால் பல உதிரிபாகக் கடைகளில் காசு வாங்காமல் பெற்றுக்கொள்வார்கள். நம் ஊரில் அப்படி ஒரு கடையை வீட்டுப் பக்கத்தில் காட்டுங்கள் பார்க்கலாம். வீட்டில் வடித்தால் அது சாக்கடைக்குத்தான் போகும். காஞ்சிபுரத்துச் சாக்கடை மஞ்சள்நீர்க் கால்வாய்க்குப் போகும். வேகவதியும் நத்தப்பேட்டை ஏரியும் ஏற்கெனவே படும் பாடு உங்களுக்குத் தெரியும். பிள்ளையார்பாளையம் பக்கம் விடியற்காலையில் தெருவில் பாவு விரிக்கும் வீடுகள் இன்றும் உண்டு. அந்த மண்ணில் எண்ணெய் சிந்தினால் என்ன ஆகும்? எண்ணெய்க் கையோடு தறிப்பக்கம் போனால் ஒரு சொட்டுக் கறை போதும், பத்து இருபது நாள் நெய்த சேலை இரண்டாம் தரமாகிவிடும். அந்த நஷ்டம் நெசவாளியின் கூலியில்தான் கழியும்.

தெரு மெக்கானிக் பழைய எண்ணெயைப் பீப்பாயில் சேர்த்து வைக்கிறார். வாங்கிப் போக ஆள் வருகிறது. கொஞ்சம் சென்ட்ரிங் பலகையில் பூசப்படுகிறது, கொஞ்சம் மரத்தில் கரையானுக்குத் தடவப்படுகிறது, கொஞ்சம் உலையில் எரிகிறது. எல்லாம் சரியான வழி என்று சொல்லமாட்டேன். சட்டப்படி அது அபாயக் கழிவு. உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குப் போனால் மீண்டும் எண்ணெயாகும். எண்ணெய் தயாரித்து விற்கும் நிறுவனங்களே பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விதி வெளியிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பொறுப்பு நம் தெரு ஷெட்டின் பீப்பாய் வரை வந்து சேர வேண்டும். நகரில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சேகரிப்பு இடம் வேண்டும் என்று மாநகராட்சியிடம் நாம் கேட்கலாம்.

நான் வரலாற்றில் பார்ப்பது இதுதான். மை தடவியவர் தன் உழைப்பைக் கொடுத்தார். டூ-ஸ்ட்ரோக் காலத்தில் நாம் கொடுக்காத காசைத் தெருவில் நடந்தவர்களின் நுரையீரல் கொடுத்தது. ஷெட் காலத்தில் பையன்களின் படிப்பு கொடுத்தது. இன்று சாக்கடையில் ஊற்றினால் ஏரி கொடுக்கும். ஆயில் மாற்றுவதற்கு எப்போதும் ஒரு விலை உண்டு. நாம் கொடுக்காவிட்டால் வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

அதனால் என் யோசனை இது. வாரண்டி இருந்தால் ஷோரூம். முடிந்துவிட்டால் உங்கள் தெருவில் நம்பகமான மெக்கானிக். எண்ணெயை நீங்களே நல்ல கடையில் வாங்கி, கண்ணெதிரில் சீலை உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அதிலேயே போலி எண்ணெய் நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். ஷெட்டில் பள்ளி வயதுப் பையன் நின்றால், எந்த வகுப்பு என்று கேளுங்கள். கை வேலையில் ஆசையிருந்து தாங்களே செய்ய விரும்புகிறவர்கள் தாராளமாகச் செய்யுங்கள். தன் வண்டியைத் தானே அறிவது நல்ல கல்வி. பழைய எண்ணெயை மட்டும் கேனில் மூடி ஷெட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.

இன்று ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் வண்டிகள் பிறக்கும் மாவட்டம் நம்முடையது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர்கள் வருகின்றன. அவற்றுக்கு இன்ஜின் ஆயிலே கிடையாது. ஷெட் நடத்தும் நம் மாணவர்கள் மோட்டாரும் பேட்டரியும் பழுது பார்க்க இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். ஐ.டி.ஐ.யில் அதற்கான பயிற்சி இருக்கிறதா என்று விசாரியுங்கள். தெரிந்தவர்கள் அவர்களுக்கு வழிகாட்டுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள். வண்டியில் போகும்போது தலைக்கவசம் மறக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்
காஞ்சிபுரம்