கலப்படத்திலிருந்து ஒவ்வாமைக்கு: இந்திய உணவு லேபிளின் ஒரு சிறு வரலாறு

பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால், உட்பொருள் பட்டியலை அடுத்து, கோதுமை, பால், சோயா ஆகியன இதில் அடங்கியுள்ளன என்று அறிவிக்கும் ஒரு வரியைக் காணலாம். இந்தியாவில் அவ்வரி பொதுவான சட்டக் கட்டாயமாகிச் சில ஆண்டுகளே ஆகின்றன. அது ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது என்பது, ‘தீங்கு தரும் உணவு’ என்பதை நம் சட்டம் எவ்வாறு புரிந்துகொண்டது என்ற வரலாற்றுக் கேள்வியாகும்.

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் ஓர் எளிய அனுமானத்தின்மேல் நின்றது: தூய உணவு நல்லது, அயற்பொருள் கலந்த உணவு தீயது. அன்றைய இந்தியச் சந்தைக்கு இப்பார்வை பொருந்தவே செய்தது. 1998இல்கூட, பிரமதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் தில்லியில் 60க்கும் மேற்பட்டோர் நீர்க்கோவை நோய் கண்டு இறந்தனர். கலப்படம் உண்பவர் எவரையும் தாக்கும்; அதற்கு ஒரு குற்றவாளியும் இருப்பார்.

ஒவ்வாமை இந்தச் சட்டகத்துக்குள் அடங்குவதில்லை. கலப்படமற்ற பாலும் ஒரு குழந்தைக்கு ஆபத்தாகலாம். தரமான நிலக்கடலை ஒருவரின் மூச்சை நிறுத்தலாம். இங்கே குற்றவாளி எவரும் இல்லை. ‘அலர்ஜி’ என்னும் சொல்லைக் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே 1906இல் உருவாக்கினார். உடனடி ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஈ எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டதோ 1960களின் பிற்பகுதியில்தான். எனவே 1954இன் சட்டம் இதைக் காணாமற்போனதில் வியப்பில்லை. இச்சிக்கலுக்குத் தடை தீர்வாகாது, தகவலே தீர்வாகும்.

உட்பொருளின் தன்மையை நுகர்வோருக்குக் குறியால் உணர்த்தும் வழக்கம் நம்மிடம் வேறொரு வாயிலாக வந்தது. 2000, 2001ஆம் ஆண்டுகளின் விதித் திருத்தங்கள் அசைவத்துக்குப் பழுப்புக் குறியையும் சைவத்துக்குப் பச்சைக் குறியையும் கொணர்ந்தன. ‘இதில் என்ன இருக்கிறது என்று அறிவது உண்பவரின் உரிமை’ என்னும் கருத்து, இந்தியாவில் உடல்நலத்தைவிட உணவு ஒழுக்கத்தின் வழியாகவே முதலில் வலுப்பெற்றது எனலாம்.

உலக அளவில் கோடெக்ஸ் அமைப்பு 1999இல் எட்டு வகைப் பொருள்களின் பட்டியலை ஏற்றது. அமெரிக்கா 2004இல் தனிச்சட்டம் இயற்றியது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. ஆயினும் 2011இன் லேபிள் விதிமுறைகளில் பொதுவான ஒவ்வாமைப் பட்டியல் இடம்பெறவில்லை. 2020 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிமுறைகளே அதனைக் கட்டாயமாக்கின. குளூட்டன் உள்ள தானியங்கள், ஓட்டுடலி வகைகள், பால், முட்டை, மீன், நிலக்கடலையும் கொட்டைப்பருப்புகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்பைட் என்பன அப்பட்டியல்.

ஏறத்தாழ கோடெக்ஸின் 1999ஆம் ஆண்டுப் பட்டியலே இது. நம் சமையலறையிலிருந்து பார்த்தால் அதன் இடைவெளிகள் தெரிகின்றன. கொண்டைக்கடலை இத்துணைக்கண்டத்தின் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களுள் ஒன்று என 2001இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை வாதிட்டது. கடலைமாவு பட்டியலில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2003 முதல் பட்டியலிட்டுள்ள எள்ளும் கடுகும், அவற்றை நாள்தோறும் உண்ணும் நம் நாட்டின் பட்டியலில் இல்லை. பட்டியலிலுள்ள பொருள்களிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கு விலக்கு உண்டு. முழுமையாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் மிக அரிது. செக்கெண்ணெயில் அது எஞ்சக்கூடும். விலக்கு இவ்விரண்டையும் பிரித்தறியவில்லை.

மறுபுறம், இவ்விதியின் பயனையும் குறைத்து மதிப்பிடலாகாது. கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது நெடுங்கால வழக்கம். சீலியாக் நோயுள்ளவர் சாம்பாரில் கோதுமையைத் தேடமாட்டார். அவ்வரி அவருக்கு அதைச் சொல்லிவிடுகிறது.

ஆனால் எந்த மொழியில்? கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும். பிற மொழிகள் கூடுதலாக இடம்பெறலாம் என்பதே விதி. தமிழோ வங்காளமோ மட்டும் படிக்கத் தெரிந்த தாய்க்கு, சட்டம் முழுமையாகப் பின்பற்றப்பட்ட பொட்டலமும் ஊமையாகவே இருக்கிறது. தூய்மையைச் சோதிக்க ஆய்வகம் போதும். தகவலுக்கு வாசகர் வேண்டும். தடையிலிருந்து தகவலுக்கு நகர்ந்த சட்டம் இந்த இரண்டாவது கடமையை இன்னும் ஏற்கவில்லை.

நம் பட்டியல் நம் தட்டிலிருந்து எழ வேண்டுமாயின், வட்டாரவாரியான ஒவ்வாமைத் தரவுகள் தேவை. உணவியல், பொதுச் சுகாதாரம், சட்டம், மொழியியல் ஆகிய துறைகளின் மாணவர்கள் இணைந்து மேற்கொள்ளத்தக்க ஆய்வு இது. இத்துறையில் இயங்கும் நண்பர்கள் தங்கள் கருத்துகளைப் பகிருமாறு வேண்டுகிறேன்.