பணியிடைக் கற்றல்: நூலகர் கல்வியின் மறந்துபோன தொடக்கம்

1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றபோது எஸ். ஆர். ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தவர். நூலகப் பணியில் முறையான பயிற்சி எதுவும் அவருக்கு இல்லை. அந்த வேலை பிடிக்காமல் சில நாட்களிலேயே பழைய வகுப்பறைக்குத் திரும்ப முயன்றார் என்பதும் பலர் அறிந்ததே. அவ்வாண்டே இலண்டன் பல்கலைக் கல்லூரிக்குச் சென்று பெர்விக் சேயர்ஸிடம் நூற்பகுப்பு கற்றார். இங்கிலாந்தின் நூலகங்கள் பலவற்றை நேரில் பார்த்தார். 1931இல் வெளிவந்த நூலகவியலின் ஐந்து விதிகளும் 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பும், பணியில் அமர்ந்த பிறகு கற்றுக்கொண்ட ஒருவரின் ஆக்கங்கள்.

இதைத் தனிமனிதரின் வரலாறாக மட்டும் படிப்பது போதாது. 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கம் அடுத்த ஆண்டே நூலகப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. அது கோடைக்காலப் பள்ளி. வேறு பணியில் இருப்போரும் விடுப்பில் வந்து கற்க ஏற்ற காலத்தை அதன் அமைப்பாளர்கள் தேர்ந்தார்கள் என்றே நான் கொள்கிறேன். 1931இல் பல்கலைக்கழகம் அப்பள்ளியை ஏற்றது; பின்னர் பட்டயமும் பட்டங்களும் வந்தன. அதனால் தொழிலுக்கு மதிப்பு கூடியது என்பதை மறுக்க முடியாது. ஆனால் கற்றல் முழுவதும் பணிக்கு முன்னே நகர்ந்துவிட்டது. பட்டம் வாங்கியவர் கற்று முடித்தவர் என்ற எண்ணம் நிர்வாகத்தில் வேரூன்றியது. நூலகம் வளரும் உயிரி என்று ஐந்தாம் விதி சொல்கிறது. அதை நடத்துபவரின் கல்வி மட்டும் இருபத்திரண்டு வயதில் நின்றுவிடலாமா?

கல்லூரி நூலகர்களுக்குத் தொடர்கல்வி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், உதவி நூலகர் அடுத்த நிலைக்கு உயர 21 நாள் பயிற்சி ஒன்றையும், கணினிமயமாக்கம், எண்மமாக்கம் போன்றவற்றில் குறைந்தது 5 நாள் பயிற்சி ஒன்றையும் கேட்கின்றன. கட்டாயம் என்பது நல்லதே; அது இல்லாவிட்டால் பல கல்லூரிகள் நூலகரை விடுவிக்கவே மாட்டா. சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. விதி நாட்களை எண்ணுகிறது. பயிற்சிக்குப் பின் அந்நூலகத்தில் என்ன மாறியது என்பதை எவரும் கேட்பதில்லை. பணிப்பதிவேட்டில் சான்றிதழ் ஏறியதோடு கதை முடிகிறது.

கற்க வேண்டியது உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பதற்குத் தமிழ் நூற்பட்டியல் ஒன்றே போதும். ஆங்கில மரபில் வளர்ந்த மென்பொருள்கள் குடும்பப்பெயரை எதிர்பார்க்கின்றன. நமக்கு இருப்பது தலைப்பெழுத்தும் இயற்பெயரும். புதுமைப்பித்தனைத் தேடும் வாசகருக்குச் சொ. விருத்தாசலம் என்ற பெயரில் பதிவான நூலும் கிடைக்க வேண்டும். சிறுகதைகளில் அம்பையாகவும் ஆங்கில ஆய்வுகளில் சி. எஸ். லட்சுமியாகவும் எழுதுபவர் ஒருவரே என்பதைப் பட்டியல் அறிந்திருக்க வேண்டும். வரிசைப்படுத்துதல் இன்னும் நுட்பமானது. நம் அகரவரிசையில் கபிலர் முன்னும் கனகசபை பின்னும் வருவர். ஒருங்குறியின் குறியெண் அடுக்கில் னகரம் நகரத்தை ஒட்டி, பகரத்துக்கு முன்னே நிற்பதால், வெறும் எண் வரிசையை நம்பும் கணினி கனகசபையை முன்னே தள்ளிவிடும். றகரம் லகரத்துக்கு முன் நிற்பதால் கற்பகம் கலைமகளை முந்துவார். தமிழுக்குரிய வரிசை விதிகள் உருவாக்கப்பட்டுள்ளன. கோஹா போன்ற கட்டற்ற மென்பொருளில் தமிழ்ச் சொற்கள் சரியாகத் தேடப்படவும் உரிய அமைப்பு உண்டு. அவற்றைத் தேர்ந்து இயக்கத் தெரிந்த கை வேண்டும். ஒருங்குறி பரவுவதற்கு முன் தனித்தனி எழுத்துருக்களில் தட்டச்சான பழைய பதிவுகள் இன்னொரு சுமை: எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் குறிக்குவியல். தொண்ணூறுகளில் பட்டம் பெற்றவரின் பாடத்தில் இவற்றுள் பெரும்பகுதி இருந்திருக்க வழியில்லை. அது அவர் குற்றமும் இல்லை.

இந்த அறிவு மிகவும் தேவைப்படும் இடத்துக்கே மிகக் குறைவாகச் சென்று சேர்கிறது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்கீழ் வளர்ந்த தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் இன்று நாலாயிரத்துக்கும் மேல். அவற்றில் கணிசமானவை ஊர்ப்புற நூலகங்கள். அங்கே பூட்டைத் திறப்பவரும், நாளிதழ் விரிப்பவரும், நூல் வழங்குபவரும், போட்டித்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் கேள்விக்கு விடை தேடித் தருபவரும் பெரும்பாலும் ஒருவரே. அவர் பயிற்சிக்குப் போனால் கதவு மூடப்படும். ஆர்வக்குறைவு என்று நிர்வாகம் எழுதி வைப்பது பல வேளைகளில் இந்த ஆளின்மையைத்தான். நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 2016இல் வெளியிட்ட நெறிமுறைகள், பணி நேரத்தில் ஏறத்தாழ 10 விழுக்காட்டைக் கற்றலுக்கு ஒதுக்கச் சொல்கின்றன. நாற்பது மணி நேர வாரத்தில் நான்கு மணி நேரம். மாற்று ஆள் இல்லாத நூலகத்தில் இந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ஆகவே பணியிடைப் பயிற்சியைப் பற்றிய பேச்சு மாற்றுப் பணியாளரைப் பற்றிய பேச்சிலிருந்து தொடங்க வேண்டும். சொத்து வரியோடு மக்கள் செலுத்தும் நூலக வரியில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்குவது அந்த வரியின் நோக்கத்துக்கு முற்றிலும் பொருந்தும்.

இணையவழிப் பாடங்கள் போதும் என்ற வாதத்தை நான் பாதியே ஏற்கிறேன். தொலைவிலுள்ளவருக்கு அவை பெரும் துணை. ஆனால் நூற்பட்டியல் கைத்தொழில். தவறைப் பக்கத்திலிருப்பவர் சுட்டிக்காட்டும்போதுதான் அது படியும். மாவட்ட மைய நூலகத்தில் மாதம் ஒரு நாள், பணி நாளிலேயே, பத்துப் பன்னிரண்டு ஊர்ப்புற நூலகர்களை அழைக்கலாம். ஒவ்வொருவரும் தம் அலமாரியிலிருந்து எங்கே வைப்பது, யார் பெயரில் பதிவது என்று தெரியாமல் தவிக்கும் ஐந்து நூல்களைக் கொண்டுவரட்டும். அந்த ஐம்பது அறுபது நூல்களே அன்றைய பாடத்திட்டமாக இருக்கட்டும். மாலையில் அவர்கள் ஊர் திரும்பும்போது ஒவ்வொரு நூலின் முதுகிலும் எண் எழுதப்பட்டிருக்கும். அந்த எண் ஏன் வந்தது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.